பலகை மேல் விரித்த தாள்

எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. இதை நானே சொல்லிவிடுகிறேன். என் பெண்டாட்டி பொன்னியம்மா வாயால் நீங்கள் கேட்க வேண்டாம். அவள் ஆரம்பித்தால் நிறுத்த மாட்டாள். ஆனால் இது என்னைப் பற்றிய கதை இல்லை, ஆவடி தெரசாவைப் பற்றியது. அவளைப் பற்றி எழுத உனக்கு என்னய்யா தகுதி என்று கேட்டால், ஒன்றுதான் சொல்ல முடியும். அவளைத் திருடி என்று பிடித்துக் கொடுத்தவன் நான்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் கம்பெனி. தகட்டை வெட்டி வளைக்கிற டைகள் செய்வோம். கீழே பட்டறை, மாடியில் டிராயிங் ஆபீஸ், அதை ஒட்டி பிரிண்ட் ரூம். அந்த பிரிண்ட் ரூமில் அம்மோனியா நெடியில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவன் நான், பரந்தாமன். டிராப்ட்ஸ்மேன்கள் பென்சிலில் போட்ட படத்தின் மேல் ட்ரேசிங் பேப்பரை விரித்து இங்க்கில் நகல் எடுப்பது ட்ரேசர் வேலை. அந்த நகலை மெஷினில் விட்டுப் பிரிண்ட் எடுத்துப் பட்டறைக்கு அனுப்புவது என் வேலை. பேப்பர் ரோல்கள், படங்கள் வைத்த பீரோ, அதன் சாவி எல்லாம் என் பொறுப்பு.

அந்தச் சாவிதான் எனக்கு வினையாக வந்தது. எண்பத்தொன்பதில், எங்கள் டை ஒன்றின் அச்சு அசல் ஜோடி பக்கத்துத் தெருப் பட்டறையில் ஓடுவதாக ஓனர் காதுக்குச் செய்தி வந்தது. படம் வெளியே போயிருக்கிறது. பீரோ சாவி யாரிடம்? பரந்தாமனிடம். அவ்வளவுதான், ஒன்பது நாள் என்னைக் கேட்டுக்கு வெளியே வாட்ச்மேன் ஸ்டூலில் உட்கார வைத்தார்கள். உள்ளே போகிற ஒவ்வொருத்தனும் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனான். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்தாவது நாள், உன் மேல் ஒன்றும் இல்லை, உள்ளே போ என்றார்கள். படம் எப்படிப் போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்றைக்கு நானே ஒரு வேலையைத் தலையில் போட்டுக்கொண்டேன். ஐந்தேகால் மணிக்குச் சங்கு ஊதியதும் டிராயிங் ஆபீஸ் வாசலில் நின்றுவிடுவேன். வெளியே போகிற ஒவ்வொருவரும் பையைத் திறந்து காட்ட வேண்டும். காகிதம் இருந்தால் பிரித்துப் பார்ப்பேன். குப்பைக்கூடையையும் விடமாட்டேன். கோடு போட்ட துண்டுக் காகிதம் ஒன்று கிடந்தாலும் இது யாருது, எதற்கு என்று கேட்டுக் குடைந்துவிடுவேன். எங்கள் சீஃப் டிராப்ட்ஸ்மேன் பக்தவத்சலம் சாரும், "செய்யி, நல்லதுதான்" என்றுவிட்டார். மற்றவர்கள் என் முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பேசட்டும் போ என்று விட்டுவிட்டேன்.

தெரசா எண்பத்தொன்றில் ட்ரேசராக வந்தாள். ஒல்லியான உடம்பு, பேச்சும் அளந்துதான் பேசுவாள். புருஷன் அந்தோணிராஜ் ஃபவுண்டரியில் வேலை பார்த்தவர். மெஷினில் வலது கை மாட்டி, அதற்கப்புறம் வீட்டோடு இருந்தார். ஒரே பெண் பள்ளிக்கூடத்தில். குடும்பம் நடந்ததே இவள் வேலையில்தான். நான் அண்ணனூர், அவள் அடுத்த ஸ்டேஷன் ஆவடி, ஒரே ரயிலில்தான் திரும்புவோம். ஆனாலும் பத்து வருஷத்தில் பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம்.

வேலையில் அவளுக்கு ஈடு கிடையாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ட்ரேசிங் பேப்பர் மேல் ஒரு சிட்டிகை முகப்பவுடர் தூவி, பழந்துணியால் துடைத்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாள். பேப்பரில் இருக்கிற எண்ணெய்ப் பிசுக்கு போனால்தான் இங்க் பிடிக்கும். தீப்பெட்டிக்குள் அரை பிளேடு வைத்திருப்பாள். கோடு தப்பினால் அந்த பிளேடால் மெல்லச் சுரண்டி, நகத்தால் தேய்த்து, அதே இடத்தில் மறுபடி கோடு போடுவாள். டியூப் லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாலும் சுரண்டின இடம் தெரியாது. மற்றவர்கள் ஆகா என்பார்கள். எனக்கு என்ன தோன்றும் தெரியுமா? இவ்வளவு சுத்தமாக அழிக்கத் தெரிந்தவள் வேறு எதையெல்லாம் அழிப்பாளோ என்று தோன்றும். என் புத்தி அப்படி.

தொண்ணூற்றிரண்டில் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கு ஏசி ரூம், வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும், கோயில்தான் போங்கள். கூடவே டிஜிடைசர் என்று ஒரு பலகை, டீப்பாய் அகலத்துக்கு. அதன் மேல் கெட்டியான கண்ணாடி பிளாஸ்டிக் உறை. பழைய படத்தை அந்த உறைக்கு அடியில் சொருகிவிட்டு, ஒயர் கட்டின பேனா ஒன்றால் உறையின் மேலே கோட்டைத் தொடர்ந்துகொண்டே போனால், அதே கோடு கம்ப்யூட்டரின் டிவிப் பெட்டியில் வந்து விழும். இங்க் இல்லை, பேப்பர் இல்லை. பேப்பர் இல்லை என்றால் அப்புறம் பரந்தாமன் எதற்கு? இதில் ஏதோ சூது இருக்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து எட்மண்ட் என்று ஒரு சர்வீஸ் ஆள் வந்தான். கழுத்தில் டை கட்டினவன். எல்லாரையும் நிற்க வைத்து ஒரே ஒரு சட்டம் சொன்னான்: "இந்தப் பலகை மேல பேனாவைத் தவிர வேற எதுவும் படக்கூடாது. பட்டா வாரண்டி போயிடும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க."

பக்தவத்சலம் சார் தன் சட்டத்தைச் சொன்னார். அவர் ஆள் மோசமில்லை, ஆனால் ஓனர் சொன்னதை அப்படியே ஒப்பிக்கிறவர். "அறுநூறு பழைய படம் உள்ள ஏறணும். ஆறு மாசம் டைம். கோடு சுத்தமா வந்தா ட்ரேசர்ங்க ரெண்டு பேரும் கம்ப்யூட்டர்லயே இருக்கலாம். வரலைன்னா இனிமே ட்ரேசர் போஸ்ட்டே கிடையாது. கணக்கு முடிச்சு அனுப்பிடுவோம்."

தெரசா ஒருத்தி, இன்னொருத்தி லோகநாயகி. இரண்டு பேரும் மாற்றி மாற்றி உட்கார்ந்தார்கள். ஐயோ, அந்தக் கோடுகளைப் பார்க்க வேண்டுமே! நேர்கோடு பரவாயில்லை, இரண்டு முனையில் தட்டினால் மெஷினே போட்டுக்கொள்ளும். வளைவு வந்தால்தான் தலைவலி. எங்கள் டைகளில் பாதிக்கு மேல் வளைவுதான். பேனா வழவழவென்று பிளாஸ்டிக்கில் ஓடிவிடும், நிறுத்தின இடத்தில் நிற்காது. டிவியில் பார்த்தால் கோடு குடிகாரன் நடையில் போகும்.

முதல் வாரமே ஒரு கூத்து நடந்தது. வளைவு ஒன்று தப்பிப் போய்விட்டது. தெரசாவின் இடது கை, அவள் யோசிப்பதற்கு முன்பே, தீப்பெட்டியைத் திறந்து அரை பிளேடை எடுத்துப் பலகையைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டது! பதினோரு வருஷப் பழக்கம். டிவியில் இருக்கிற கோட்டைப் பலகையில் சுரண்டினால் போகுமா? எட்மண்ட் போட்ட கூச்சல் கீழே பட்டறை வரை கேட்டது. பிளாஸ்டிக்கில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். பக்தவத்சலம் சார் தீப்பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "இன்னொரு தரம் இந்தப் பலகை மேல எதையாவது வெச்ச, அன்னைக்கே நீ வீட்டுக்கு. புரியுதா?" என்றார். தெரசா தலையை ஆட்டினாள். முகம் செத்துப்போயிருந்தது.

பத்து நாளில் லோகநாயகி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டாள். "இது என்னால ஆவாதுபா. சோப்பு மேல கோலம் போடறாப்பல கீது" என்று சொல்லி, டெஸ்பாட்ச்சில் காலியாக இருந்த ஒரே இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். தெரசாவுக்குப் போக வேறு இடமில்லை. பலகையில் கோடு சரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் வீடு.

அப்புறம்தான் அந்த அதிசயம். மூன்றாவது வாரம், திங்கட்கிழமையிலிருந்து, தெரசாவின் கோடுகள் திடீரென்று சுத்தமாக வர ஆரம்பித்தன. வளைவெல்லாம் இங்க்கில் போட்ட மாதிரி. ஒரு நாளைக்கு நாலு படம், ஐந்து படம் என்று ஏற்றித் தள்ளினாள். பக்தவத்சலம் சாருக்கு வாயெல்லாம் பல். எனக்கு மட்டும் இடித்தது. சனிக்கிழமை வரை குடிகாரன், திங்கட்கிழமை எப்படி யோக்கியன் ஆனான்? ஒருநாள் அந்த ரூமுக்குள் திடீரென்று நுழைந்தேன். கதவு சத்தம் கேட்டதும் அவள் பலகை மேலிருந்து எதையோ சரக்கென்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"இன்னாம்மா அது?"

"ஒண்ணுமில்ல அண்ணே. கர்ச்சீப்."

கர்ச்சீப்பாம்! அந்தச் சத்தம் துணிச் சத்தமா? இருபது வருஷம் காகிதத்தோடு புழங்கினவனிடம் சொல்கிறாள்.

அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். தினமும் சாயங்காலம் அவள் பையில் ஒரு ட்ரேசிங் பேப்பர் சுருள் இருந்தது. பிரித்துப் பார்த்தேன், வெறும் தாள். ஒரு கோடு, ஒரு எழுத்து கிடையாது. "புள்ளைக்கு மேப் வரையறதுக்கு அண்ணே" என்பாள். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஏனென்றால் ஒரு மாதம் முன்னால் என்னிடமே வந்து ரோலின் கடைசித் துண்டுகளைக் கேட்டு வாங்கிப்போயிருந்தாள். ரோல் முடியும்போது கடைசி ஒரு முழம் சுருட்டிக்கொண்டே நிற்கும், படம் போட ஆகாது, நான் தூக்கி எறிவேன். புள்ளைக்கு என்றாள், கொடுத்தேன். ஆனால் கொடுத்தது ஒரு மாதம் முன்னால். தினமும் காலையில் கொண்டுவந்து சாயங்காலம் கொண்டுபோகிற மேப் எந்த ஊர் மேப்? ரயிலில் அண்ணனூர் வரும்வரை எதிர் சீட்டிலிருந்து அந்தச் சுருளையே பார்த்துக்கொண்டு வருவேன். அவள் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருப்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வாசலில், சுருளை வாங்கிப் பிரித்து, சும்மா திருப்பிக் கொடுக்காமல், டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வெறும் தாளில் பளபளவென்று ஒரு கோடு. இங்க் இல்லை, பென்சில் இல்லை, கூர் அழுத்தின தடம்! காதில் சொருகியிருந்த பென்சிலை எடுத்து ஓரத்தில் லேசாகத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே வெள்ளையாக ஒரு வளைவு எழுந்து வந்தது. எனக்கு அந்த வளைவு தெரியும். போன வாரம்தான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த படம்.

ஆகா, இப்படித்தானா வேலை நடக்கிறது! கண்ணுக்குத் தெரியாமல் அழுத்தி எடுத்து, வெறும் தாள் என்று என் கண் எதிரிலேயே கொண்டுபோய், வீட்டில் பென்சிலைத் தேய்த்தால் படம் ரெடி. மூன்று வருஷம் முன்னால் போன படமும் இப்படித்தான் போயிருக்க வேண்டும். அவளுக்காக நான் ஸ்டூலில் உட்கார்ந்தேனா ஒன்பது நாள்? எனக்கு ரத்தம் கொதித்தது.

"நில்லு. ஒரு அடி நகராத" என்றேன். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

பக்தவத்சலம் சார் மேஜையில் தாளை விரித்து நான் தேய்த்த மூலையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

"இது என்ன தெரசா?"

அவள் பையின் கைப்பிடியை முறுக்கினாள்.

"யாருக்குக் கொண்டுபோற?"

"யாருக்கும் இல்ல சார்."

"அப்ப இதுல படம் எப்படி வந்துச்சு?"

அவள் என்னைப் பார்த்தாள், பலகை இருந்த ரூம் கதவைப் பார்த்தாள். "நான் திருடல சார். மாதா சத்தியமா திருடல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. வேறு எதுவும் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். குற்றமில்லாதவள் என்றால் சொல்ல வேண்டியதுதானே? நான் ஒன்பது நாளும் கத்திக்கொண்டே இருந்தேனே!

"திங்கட்கிழமை ஓனர் வரார். அதுவரைக்கும் உள்ள வராத. எழுத்துல விளக்கம் கொண்டா" என்று அனுப்பிவிட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனாள். எதிரே வந்த பட்டறைக்காரர்கள் ஒதுங்கி வழி விட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். ஆனாலும் அப்போது எனக்கு மனசு குளிர்ந்துதான் இருந்தது. பொய் சொல்லமாட்டேன்.

சனிக்கிழமை காலையில் லோகநாயகியைக் கூப்பிட்டுப் பலகையில் உட்கார வைத்தார்கள். கோடு மறுபடி தள்ளாட ஆரம்பித்தது. பக்தவத்சலம் சாரே பேனாவைப் பிடித்துப் பார்த்தார். அவர் வளைவு அதைவிட மோசம். கோபத்தில் எழுந்து வந்து என்னிடம் தாளைக் கொடுத்தார். "ஓனருக்கு ஒரு மூலை பத்தாது. முழுத் தாளையும் தேய்ச்சு, என்னென்ன படம் போயிருக்குன்னு நம்பரோட எழுதிக் குடு" என்றார்.

பிரிண்ட் ரூமில் உட்கார்ந்து பென்சிலைப் படுக்க வைத்துத் தேய்த்தேன். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்து, ஒரு சாண், இரண்டு சாண். முதலில் நான் பார்த்த வளைவு வந்தது. அதன் குறுக்கே இன்னொரு படத்தின் ஓரம். அதற்கு மேல் மூன்றாவது. நடுவுக்கு வரும்போது கோட்டின் மேல் கோடு, அதன் மேல் கோடு, எது எந்தப் படம் என்று பிரிக்கவே முடியவில்லை. பீரோவிலிருந்து அசல்களைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து படங்கள், ஒரே தாளில், ஒன்றின் தலையில் ஒன்று. நூல்கண்டைப் பூனை இழுத்துப் போட்டால் எப்படி இருக்கும், அப்படி. இதை வைத்து டை இல்லை, ஒரு தகர டப்பா மூடிகூடச் செய்ய முடியாது.

படம் திருடுகிறவள் ஒரு படத்துக்கு ஒரு தாள் வைக்க மாட்டாளா?

பென்சிலைக் கீழே வைத்துவிட்டேன். தாளின் ஓரத்தில் பழுப்பாக ஒரு பசைக் கறை இருந்தது. ரோலின் கடைசித் துண்டில் மட்டும்தான் அந்தக் கறை இருக்கும், உள்ளே அட்டைக் குழாயில் ஒட்டியிருந்த இடம். நான் என் கையால் கொடுத்த தாள். கட்டை விரலால் ஒரு பக்கம் தடவினேன், சொரசொரவென்று இருந்தது. கோடு விழுந்த நடுப்பகுதியைத் தடவினேன், மழுங்கி வழவழவென்று போயிருந்தது. அப்போதுதான் மண்டையில் உறைத்தது. லோகநாயகி சோப்பு என்றாளே!

அவள் அந்தப் பிளாஸ்டிக் மேல் தாளை விரித்திருக்கிறாள். அடியில் இருக்கிற படம் ட்ரேசிங் பேப்பர் வழியே தெரியும். பேனாவுக்குப் பிடிமானம் கிடைக்கும். கைக்குப் பழைய நிதானம் வரும். ஒருநாள் முழுக்க ஓட்டினால் தாள் மழுங்கிவிடும், மறுநாள் வேறு தாள். இதுதான் விஷயம். மேப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆவடிக்குப் போனேன். பூசைக்குப் போய்வந்த புடவையோடு தெரசா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பி, "என்னாங்க" என்று புருஷனைக் கூப்பிட்டாள். அந்தோணிராஜ் வந்து நின்றார். "இன்னா, ஊட்டையும் சோதனை போட வந்துட்டியா? போட்டுக்கோ, வா" என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன்.

"தெரசாம்மா, அந்தப் பேப்பர் பலகை மேல போடறதுக்குத்தானே?"

அவள் கையில் இருந்த கீரை அப்படியே நின்றது. எழுந்து உள்ளே வரச் சொன்னாள். சமையல் அலமாரியின் மூன்று தட்டிலும் ட்ரேசிங் பேப்பர் விரித்து, மேலே டப்பாக்களை அடுக்கியிருந்தாள். எல்லாம் அந்தத் தாள்கள். ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றிலும் தடம் மின்னியது. எங்கள் கம்பெனியின் பரம ரகசியம் அத்தனையும் உப்பு டப்பாவுக்கும் புளி டப்பாவுக்கும் அடியில் கிடந்தது.

"மொதல்ல பவுடர் போட்டுப் பாத்தேன். இன்னும் வழுக்கிச்சு. பிளேடால கீறினேன் பாருங்க, அந்த எடத்துல மட்டும் பேனா நின்னுச்சு. அப்பதான் தோணிச்சு, சொரசொரப்பு வோணும்னு. தாள் போட்டேன், கை நின்னுடுச்சு" என்றாள்.

"சீஃப் கேட்டாரே, சொல்ல வேண்டியதுதானே?"

"பலகை மேல எதையாவது வெச்சா அன்னைக்கே வீடுன்னாரு. சொன்னாலும் வேலை போவுது, சொல்லலன்னாலும் போவுது. சொன்னா இன்னும் சீக்கிரம் போவும்."

"சரி, வீட்டுக்கு எதுக்குக் கொண்டாரணும்? அங்கயே குப்பையில போட்டிருக்கலாமில்ல?"

அவள் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். "குப்பையத்தான் நீங்க தெனம் கிளர்றீங்களே அண்ணே."

நான் ஒரு டப்பாவைத் தூக்கி, அதே இடத்தில் திருப்பி வைத்தேன். அப்புறம், "என்னண்டயாவது ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்மா" என்றேன்.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பீங்க?"

நேராக பக்தவத்சலம் சாரிடம் ஓடியிருப்பேன். அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தோணிராஜ் இடது கையால் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். அதை வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை ஓனர் வருவதற்கு முன்பே பக்தவத்சலம் சார் மேஜையில் முழுத் தாளையும் விரித்தேன். ஐந்து படமும் ஒன்றின் மேல் ஒன்று கிடப்பதைக் காட்டினேன். பசைக் கறையைக் காட்டி, அது நான் கொடுத்த துண்டு என்றேன். கம்பெனிப் பேப்பரை வெளியே கொடுத்ததற்கு எனக்கு மெமோ உண்டு என்று தெரிந்துதான் சொன்னேன். கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. மூலையை மட்டும் தேய்த்துவிட்டு ஆளைப் பிடித்தவனுக்கு ஒரு மெமோ ரொம்பக் கம்மி.

எட்மண்டை வரவழைத்தார்கள். அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு பலகை மேல் ஒரு தாளை விரித்து, லோகநாயகியை உட்கார வைத்து ஒரு வளைவு போடச் சொன்னான். சோப்பு மேல் கோலம் என்றவளின் கோடு அப்படியே அமைந்து விழுந்தது. "அடியாத்தீ!" என்று அவளே வாயைப் பொத்திக்கொண்டாள். எட்மண்ட் இரண்டு தாள் வைத்துப் பார்த்தான், மூன்று வைத்துப் பார்த்தான். "பலகைக்கு ஒண்ணும் ஆகாது சார், பேப்பர் வழியாவே எடுத்துக்குது" என்றான். அப்புறம் அந்த யோசனையைத் தன்னுடையதாகவே மற்ற கம்பெனிகளில் சொல்லித் திரிந்ததாகக் கேள்வி. அந்த டை கட்டினவன் மேல் எனக்கு ஆரம்பத்திலிருந்தே நம்பிக்கை இல்லை.

செவ்வாய்க்கிழமை தெரசா திரும்பி வந்தாள். அறுநூறு படமும் கெடுவுக்குப் பத்து நாள் முன்னாலேயே ஏறிவிட்டது. பக்தவத்சலம் சார் தீப்பெட்டியைக்கூடத் திருப்பிக் கொடுத்தார். தினமும் காலையில் பலகைக்கு ஒரு புதுத் தாள் என்று ஆபீஸ் ஆர்டரே வந்தது, அதை வெட்டிக் கொடுப்பது என் வேலையாயிற்று. சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி வைத்துக் கொடுப்பேன். அவள் கட்டை விரலால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போவாள். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. ரயிலில் எதிர் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போதுகூட. கேட்கவில்லை.

ஆனால் ஒன்று மாறவில்லை. திரும்பி வந்த முதல் நாள் சாயங்காலம், சங்கு ஊதியதும், நான் வேண்டுமென்றே பிரிண்ட் ரூமுக்குள் போய் உட்கார்ந்துகொண்டேன். சோதனையை அன்றோடு விட்டுவிடுவது என்று எண்ணம். மற்றவர்கள் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்கள். தெரசா மட்டும் பிரிண்ட் ரூம் வாசலுக்கு வந்து, பையைத் திறந்து, என் முன்னால் நீட்டினாள்.

"வேணாம்மா. அதெல்லாம் நிறுத்தியாச்சு" என்றேன்.

"பாத்துக்கோங்க அண்ணே" என்றாள். குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. சாப்பாட்டு டப்பா, ஜெபமாலை, குடை, அன்றைய தாள். நான் தலையை ஆட்டும்வரை நின்றாள். அப்புறம் பையை மூடிக்கொண்டு போனாள்.

மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும். அவளுக்கு ஜுரம் வந்த நாளும் தேர்த் திருவிழாவுக்கு அரை நாளில் கிளம்பின நாளும்கூட விடவில்லை. தொண்ணூற்றொன்பதில் நான் ரிட்டையர் ஆகும்வரை ஏழு வருஷம், வேலை நாள் ஒன்று தவறாமல் அந்தப் பை என் முன்னால் திறந்தது. ஒன்பது நாள் ஸ்டூலில் உட்கார்ந்ததைப் பற்றி வாய் ஓயாமல் பேசியவன் நான். இதைப் பற்றி யாரிடமும் பேச முடியவில்லை, பொன்னியம்மாவிடம்கூட.

என் கடைசி நாளன்று மாலை போட்டார்கள், பக்தவத்சலம் சார் நாலு வார்த்தை பேசினார், எல்லாருக்கும் மிக்சர் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து தெரசா வந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது. வழக்கம்போலப் பையைத் திறந்தாள்.

"இன்னைக்காவது வேணாம் தெரசாம்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கண் பைக்குள் போய்விட்டது. டப்பா, ஜெபமாலை, குடை, சுருட்டின தாள். தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும் என்று கை ஒரு அங்குலம் எழும்பியும் விட்டது.

அதை அவள் பார்த்தாள். "போய்ட்டு வரேன் அண்ணே" என்று பையை மூடிக்கொண்டு படியிறங்கினாள்.